அரிசிம்பருப்பு சாப்பாட்டில் சேர்த்தியா?

1

சர்க்கரை வியாதிக்காரர்களை இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று குறுக்கு விசாரணை செய்வார்கள். இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்கிற இந்த ஊருக்கு வந்து என் தலை நரைத்துவிட்டது. குளிருக்குப் பழகிவிட்டேன், இந்த விசாரணைக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. போன வாரம் என் முறை. கேள்வி கேட்டவள் நல்ல பெண்தான், என் மகள் வயதிருக்கும். நேற்று மத்தியானம் பிரதான உணவு என்ன என்றாள்.

"அரிசியும் பருப்பும்" என்றேன்.

"சரி, அது பக்கத்தில் வைத்துக்கொள்வது. பிரதானம் என்ன?"

"அதுதான் பிரதானம்."

அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள். இறைச்சிக்கு ஒரு கட்டம், மீனுக்கு ஒரு கட்டம், காய்கறிக்கு ஒரு கட்டம் இருந்தது. ஒரே பானையில் எல்லாம் வெந்து வந்தால் எங்கே எழுதுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் யோசித்து, "சிற்றுண்டி" என்கிற இடத்தில் எழுதிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு ரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். நல்லவேளை, அதை முன்னாலேயே பார்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி தெய்வானையிடம் பொரிந்து தள்ளினேன். அவள் சிரித்தாள்.

"எங்கப்பன் சொன்னதத்தானுங்க அந்தப் புள்ளையும் சொல்லியிருக்குது" என்றாள்.

உண்மைதான். அரிசிம்பருப்பு சாப்பாட்டில் சேர்த்தியா இல்லையா என்கிற வழக்கு புதிதல்ல. ஐம்பதுகளில் ஒரு ஆனி மாதம், சித்திரபுரத்தில், கொட்டுகிற மழையில் அது விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் ஆகிவிட்டது. ஜெயித்தவன் நான். இந்த வாரம் எங்கள் கல்யாண நாள் வருகிறது. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகராறு வரலாம்.

2

நான் பிறந்தது மலையாளத்து எல்லையோரத்தில், வேலந்தாவளம். வாரச் சந்தையன்று மனிதர்களைவிட மாடுகள் அதிகமாகத் தெரியும் ஊர். ஊருக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர்ச் சீமை. எங்கள் பேச்சும் அந்தப் பேச்சுதான். எனக்கு வேலை கிடைத்ததோ மூணாறு மலையில் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம், சித்திரபுரத்தில், கரண்டு இலாக்காவில். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி மூணாறு போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வீட்டை விட்டு வெளியூர் போவது என்பதை அப்போதே செய்து பார்த்துவிட்டேன். பிற்பாடு இங்கிலாந்து வந்தபோது, குளிருக்கு ரெண்டு கம்பளி போதாது என்பது மட்டும்தான் புதிய பாடமாக இருந்தது.

கல்யாணமாகாத ஆட்களுக்கு ரெண்டு பேருக்கு ஒரு க்வார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். என்னோடு இருந்தவன் சுடலைமுத்து. வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சுறுசுறுப்பென்றால் அப்படியொரு சுறுசுறுப்பு. டூட்டி முடிந்து வந்து மசாலா அரைப்பான், அரைத்ததற்குப் பிறகு அம்மியைத் தேய்த்துக் கழுவுவான், கழுவினதற்குப் பிறகு எனக்குப் புத்தி சொல்வான். நான் நேர் எதிர். டூட்டியில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் படுக்க வேண்டும். சோம்பேறி என்று என்னை நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

சோம்பேறிக்குச் சமையல் வராது என்று நினைப்பவர்கள் சோம்பேறியோடு குடித்தனம் செய்திருக்க மாட்டார்கள். என்னிடம் வகை வகையாக இருந்தது. ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வது ஒன்று. கப்பைக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, உப்புப் போட்டு வேகவைத்து, பச்சை மிளகாயை நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்வது இன்னொன்று. அது அந்த மலையில் கற்றது. எல்லாவற்றுக்கும் ராஜா அரிசிம்பருப்பு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம்பருப்பு. மலையில் பருப்பு சீக்கிரம் வேகாது, அதனால் காலையில் எழுந்ததும் ரெண்டையும் ஒன்றாக ஊறப் போட்டுவிட வேண்டும். பிறகு குண்டாவில் எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு. சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகப் போடலாம், நறுக்குகிற வேலை மிச்சம். மஞ்சள் தூள், உப்பு, தண்ணீர். கொதித்ததும் ஊறினதைக் கொட்டி மூடியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வாசனை வந்து உங்களை எழுப்பும். கொஞ்சம் குழைவாக, ஆனால் கஞ்சி ஆகாமல் இருக்கும்போது இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்னொரு வசதி இருந்தது. களிமண் தட்டில் சுருள் கம்பி வைத்த கரண்டு அடுப்பு. அதை வைத்துக்கொள்ள ஆபீசில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன், இங்கிலீஷில் கேட்டார்கள். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன், அதை எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்திருந்தார்கள். கடைசியில் 'அனுவாதம்' வந்தது. அனுமதிக்கு அங்கே அதுதான் பேச்சு. ஊரெல்லாம் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து கிடக்க, நான் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கம்பளிக்குள் போய்விடுவேன்.

3

தெய்வானையை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர்ச் சந்தையில். விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா நாச்சிமுத்து பேர்போன மாட்டு வியாபாரி. துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆட்களில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கயிற்றைக் கையில் வாங்கிவிட்டால் வானமே இடிந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான் என்பார். அன்றைக்கு ஒரு காளையின் பல்லை அவர் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெண், "பல்லு சரீங்கப்பா, நடைதான் சாயுது" என்றாள். அவர் காளையை விட்டுவிட்டார். நான் காளையைப் பார்க்கவே இல்லை.

அவளை எனக்குக் கேட்டது பாவாத்தாள். நாச்சிமுத்துவின் தங்கை. எங்கள் சொந்தத்தில் வாக்கப்பட்டவள், எனக்குச் சின்னம்மா முறை. அண்ணன் ஒரே வார்த்தையில் தட்டிவிட்டார்.

"கண்ணுல பொகை, கால்ல அட்டை, ஊட்டுக்குள்ள ஈரம். எம்புள்ளய அந்த மலையில கொண்டுபோய்த் தள்ளுவனா?"

"பாக்காமயே சொன்னா எப்படீங்ணா? ஒருக்கா போய்ப் பாத்துப்போட்டு வேண்டாமுன்னு சொல்லுங்க" என்று சின்னம்மா விடாப்பிடியாக நின்றாள். வேண்டாம் என்று சொல்வதற்காகவே அவர் மலையேறச் சம்மதித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் வருகிறார்கள் என்று பஸ் டிரைவர் மூலமாக எனக்குச் செய்தி வந்தது.

பெண் வீட்டார் வந்து பார்க்கிறபோது ஒரு விஷயம் உண்டு. சம்மதம் இருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிட்டால் பெண் கொடுத்ததாக அர்த்தம். சாப்பிடாமல் காப்பித்தண்ணியோடு எழுந்தால், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், சொல்லி அனுப்ப மாட்டார்கள். நாச்சிமுத்து என் வீட்டில் கை நனைக்கப் போவதில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க எனக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்து சமையலை எடுத்துக்கொண்டான்.

"நீ ஒண்ணுந் தொடாத. நான் வைக்கிற கோழிக்கொழம்பு வாசத்துக்கு அவியளே எலையப் போடச் சொல்லுவாவ பாரு" என்றான்.

கோழி, ரசம், ரெண்டு பொரியல், பாயசம். வாழையிலை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்தான். நானும் வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி, பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மழை வந்தது, பஸ் வரவில்லை. சாயங்காலம்வரை பார்த்துவிட்டு நாங்கள் ரெண்டு பேருமே அதைச் சாப்பிட்டோம். கோழி நன்றாகத்தான் இருந்தது. என் பங்கில் பாதியை அவன் இலைக்குத் தள்ளிவிட்டேன். வராமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். சுடலைமுத்து டூட்டிக்குப் போய்விட்டான். மனசு விட்டுப்போனவனுக்குச் சமையல் எதற்கு? பழைய லுங்கி, மேலே கம்பளி, காலையில் ஊறப்போட்ட அரிசியும் பருப்பும். சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுத்தேன். மூடி தட்டி வாசனை கிளம்புகிற நேரம், கதவு தட்டுகிற சத்தம்.

நாச்சிமுத்து நின்றிருந்தார். தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் சின்னம்மா, இடுப்பில் ஒரு துணி மூட்டையோடு. வழியில் மண் சரிந்து முந்தின நாள் பஸ் மூணாறிலேயே நின்றுவிட்டது. சத்திரத்தில் தங்கி, காலையில் பாதி வழி லாரியிலும் மீதி வழி நடந்தும் வந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையாகப் போகிறவன் அழுக்கு லுங்கியில் நின்றான்.

"வாங்க மாமா, வாங்க சின்னம்மா" என்பதற்குள் எனக்கு நாக்கு குழறிவிட்டது. அவர் உட்காரக்கூட இல்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார். கணுக்காலில் ரெண்டு அட்டை ரத்தம் குடித்து உருண்டிருந்தன. நான் உப்பை அள்ளிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்து வைத்தேன். அட்டை உதிர்ந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. நான் சொன்னது சரியாகப் போச்சா என்கிற பார்வையைத் தங்கை பக்கம் வீசினார்.

"காப்பித்தண்ணி வைக்கட்டுங்களா மாமா?"

"அதுக்கென்ன, வையுங்க. குடிச்சுப்போட்டு நாங்க கெளம்பறோம்."

முடிந்தது என்று நினைத்தேன். அடுப்படிக்குத் திரும்பியபோது என் கண் கலங்கிவிட்டது. புகையில்லாத அடுப்பு, அதைச் சாக்குச் சொல்லவும் முடியாது.

5

அப்போதுதான் சின்னம்மா தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, கண்ணக் கட்டுதுங்ணா. நேத்திருந்து வயித்துல ஒண்ணுமில்ல."

அவருக்கும் அதே கதைதான். அவர் கடைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். கட்டிக்கொண்டு வந்த பலகாரம் முந்தின நாளே தீர்ந்துவிட்டது.

"என்ன பண்றது அம்மணி? இங்க கை நனைக்க முடியுமா?"

சின்னம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"அரிசிம்பருப்பு வாசமாட்ட இருக்குது. இது சோத்துல சேராதுங்ணா. எலையா, குழம்பா, ரசமா? நம்மூட்டுல யாரும் இல்லாதப்பப் பொங்கித் தின்னுக்கறது. பசிக்கு ஒரு வாய் வாங்கிக்கலாம்."

நாச்சிமுத்து யோசித்தார். மழை கொட்டியது. குண்டாவிலிருந்து பூண்டும் சீரகமும் அவரிடம் நேரில் பேசிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் ஆளுக்கு மட்டும்தான் அந்த நியாயம் புரியும். விருந்து என்றால் விருந்து. அரிசிம்பருப்பு என்றால் அது பசியை ஏமாற்றுவது.

"அது சரி" என்றார். "ஒரு வாய் போடுங்க."

வீட்டில் இருந்ததே ரெண்டு அலுமினியத் தட்டு. ஆளுக்கொன்று வைத்துப் பரிமாறினேன். சின்னம்மா மூட்டையை அவிழ்த்து ஒரு சின்னத் தூக்கை எடுத்தாள். நெய். அண்ணன் தட்டில் தாராளமாக ஊற்றினாள். அவர் முதல் கவளம் இறங்குவதற்குள் அடுத்ததை உருட்டிவிட்டார். தட்டு காலியானது. நான் கேட்காமலே கரண்டியை நீட்டினேன், அவரும் வேண்டாம் என்று சொல்லாமலே தட்டை நகர்த்தினார். அடிப்பிடித்த பொருக்கைச் சுரண்டிப் போட்டேன். அதையும் சாப்பிட்டார்.

வாசலில் கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். பாதியில் அவர் தன் கையைப் பார்த்தார். முகம் மாறியது.

"பாவாத்தா."

"சொல்லுங்ணா."

"இது கை நனைச்சதுல சேராது."

"ஏனுங்ணா சேராது?"

"நீதான சொன்ன, இது சோத்துல சேராதுன்னு."

"அப்பப் பசிங்ணா. பசியில சொன்னதெல்லாம் ஒரு பேச்சா? ஒரு வாய்ன்னு உக்காந்து ரெண்டு தட்டு வாங்கியிருக்கறீங்க. பொருக்கையும் உடல. இவிய ஊட்டு உப்பு உங்க காலுக்கும் ஆச்சு, வயித்துக்கும் ஆச்சு."

அந்த நேரம் பார்த்து சுடலைமுத்து டூட்டி முடிந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். தட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாப்ட்டாவளா? என்னத்தலே போட்ட?"

"அரிசிம்பருப்பு."

"கோழியடிச்சு வச்ச அன்னைக்கு ஒருத்தரையுங் காணும். இவன் படுத்துக்கிட்டே பொங்கினதுக்கு ஆள் வந்திருக்காவ" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

நாச்சிமுத்து அவனைப் பிடித்துக்கொண்டார். வெளியாள், பாரபட்சமில்லாமல் சொல்வான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏப்பா, நீ சொல்லு. இது சாப்பாட்டுல சேர்த்தியா?"

சுடலைமுத்து நியாயஸ்தன் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"எங்காளுவகிட்ட உளுந்தஞ்சோறுன்னு ஒண்ணு உண்டுங்கய்யா. இதே மாதிரி ஒரே பானைதான். பொண்ணு சமைஞ்சா அதத்தான் ஆக்கிப் போடுவோம். அதச் சாப்பாட்டுல சேக்கலன்னா வேற எதுல சேக்க?"

சின்னம்மா கடைசி அடியை அடித்தாள்.

"சந்தையில கவுத்தக் கையில வாங்கி, மாட்ட ஊட்டுக்கு ஓட்டியாந்து, பாலும் கறந்து குடிச்சுப்போட்டு, இது மாட்டுல சேராதுன்னு சொல்லுவீங்களாண்ணா?"

அவர் உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் குந்தினார். நான் அணைக்க மறந்ததில் சிவந்து கிடந்த சுருளைக் குனிந்து பார்த்தார்.

"வெறகே வேண்டாமா?"

"வேண்டாமுங்க மாமா."

"பொகை?"

"வராதுங்க."

"எம்புள்ள இதத் தட்டிவுட்டாப் போதுமா?"

"நானே தட்டிவுட்டுருவனுங்க."

எழுந்தார். தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து உதறித் தன் கைமேல் போட்டார். துண்டுக்கடியில் என் கையைப் பிடித்தார். நான் சந்தை ஊர்க்காரன், எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரெண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். அது ஆனி. ரெண்டு விரலுக்கு ரெண்டு மாதம், ஆவணியில் கல்யாணம்.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கை குலுக்கியிருக்கிறார்கள். இந்த நாட்டுக் குடியுரிமை கொடுத்த அன்றைக்குக்கூட ஒரு பெரிய மனிதர் குலுக்கினார். ஒன்றும் அந்த ஈரத் துண்டுக்கு ஈடாகவில்லை. அவர்கள் போன பிறகு நானும் சுடலைமுத்துவும் மழையில் இறங்கி ஆடினோம். அவன்கூட அன்றைக்குப் பாத்திரம் கழுவவில்லை.

6

மகன் லண்டனில் இருக்கிறான், மகள் கனடாவில். ரெண்டு பேருக்கும் தமிழ் இருக்கிறது, ஆனால் மழைக்கால விறகு மாதிரி, ஊதினால்தான் பற்றும். பொங்கல் எந்த மாதம் என்று மகளுக்குச் சந்தேகம் வரும். அதற்காக நான் வருத்தப்பட்ட காலம் உண்டு. போன மாதம் வேலை முடிந்து களைத்துப்போய் மகன் போன் செய்தான்.

"அப்பா, அரிசிம்பருப்புக்குத் தண்ணி எவ்வளவு அடிக்கணும்?"

தண்ணி அடிக்க வேண்டாம்டா, ஊற்று என்று சொல்லி அளவையும் சொன்னேன். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் சிரித்தேன். பேச்சு கோணினாலும் குண்டா கோணவில்லை. சோம்பேறித்தனம் என் பிள்ளைகளிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கல்யாண நாளே வந்துவிட்டது, இன்றைக்குத்தான். வெளியே போய்ச் சாப்பிடலாமா என்றேன். தெய்வானை நாற்காலியை விட்டு எழவில்லை. "மழையா இருக்குதுங்க. அதையே வச்சிருங்க" என்றாள். வைத்தேன். ஆஸ்பத்திரிக் கோபம் இன்னும் முழுசாகத் தணியாததால், பரிமாறும்போது பழைய பெருமையைக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். ஒரு குண்டா அரிசிம்பருப்பில் ஒரு மாட்டு வியாபாரியையே மடக்கினவன் நான் என்றேன்.

தெய்வானை நெய்க் கரண்டியைக் கையில் எடுத்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கை நனைக்க மாட்டோமுன்னு வர்றவிய மூட்டையில நெய் எதுக்குங்க இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததே இல்லை.

"எப்படியாவது எங்கப்பனக் கை நனைக்க வச்சுப்போட்டு வாங்க அத்தைன்னு நாந்தான் குடுத்துவுட்டேன். அத்தை மூணாறுலயே, அப்பன் பஸ் விசாரிக்கப் போன நேரத்துல நாலு இட்டிலி தின்னுப்போட்டுத்தான் வந்தாங்க. கண்ணக் கட்டுச்சாம், கண்ண."

"அப்படின்னா என் சமையல்?"

"உப்பு சித்தெக் கம்மின்னு அத்தை சொன்னாங்க."

சந்தையில் நான் அவளைப் பார்த்தேன் என்று இத்தனை காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள். பல்லையும் பார்த்து, நடையையும் பார்த்து, நான் அடுப்பைத் தட்டிவிடுவதற்கு முன்னாலேயே விரலைப் பிடித்துவிட்டாள். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுந்து இன்னொரு தட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. பிரதான உணவு, அரிசியும் பருப்பும். பக்கத்தில் வைத்துக்கொள்ள, வேலந்தாவளத்திலிருந்து ஒருத்தி கொடுத்தனுப்பிய நெய்.